அடித்துப் பார்த்துவிட்டுச் சொல்!

"இந்த பிளேடு தேறாது" என்று யாரோ ஒருவர் சொன்னார். உடனே உன் பேபிளேடின் அட்டாக் பிளேடை டப்பாவின் அடியில் போட்டு மூடிவிட்டாய். ஏன்? லாஞ்சரை இழுத்த அந்தக் கை உன் கையா? அவர் மோதிய எதிராளி உன் எதிராளியா? ஒரு சுற்றுகூட சொந்தமாக அடித்துப் பார்க்காமல் அடுத்தவர் தீர்ப்புக்குக் கையெழுத்துப் போடுகிறாயே, நியாயமா? எடு அதை வெளியே. துடைத்து மேசைமேல் வை. இனி அதற்கு நீதான் நீதிபதி.

இந்த ஆட்டம் பிறந்ததே சொந்தக் கையை நம்பியவர்களிடம்தான். ஜப்பானியச் சிறுவர்கள் வாளியின் வாயில் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பேகோமா என்ற சின்ன இரும்புப் பம்பரங்களை மோதவிட்டார்கள். வெளியே எகிறி விழுந்த பம்பரம் தோற்றது. வென்றே தீரவேண்டும் என்றிருந்தவன் கடையில் வாங்கியதை அப்படியே சுற்றவில்லை. தேய்த்து உயரத்தைக் குறைத்தான், ஓரங்களைக் கூராக்கினான். மோதிப் பார்த்தான், மறுபடி தேய்த்தான். எது நன்றாக அடிக்கும் என்று அவனுக்கு யாரும் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. 1999-ல் டகாரா நிறுவனம் கழற்றிப் பூட்டும் பாகங்களோடு பேபிளேடை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தேய்க்கிற வேலை போய்ப் பாகம் மாற்றுகிற வேலை வந்தது. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் ஆடுகிறவனிடமே இருந்தது. இன்றும் அப்படித்தான்.

2023-ல் வந்த பேபிளேட் எக்ஸின் புள்ளிக் கணக்கைப் பார். எதிராளியைவிடக் கூடுதல் நேரம் சுற்றி நின்றால் 1 புள்ளி. ஸ்டேடியத்தின் பக்கக் குழியில் தள்ளினால் 2, பாகம் பாகமாகச் சிதறடித்தால் 2. பக்கக் குழிகளுக்கு நடுவிலுள்ள எக்ஸ்ட்ரீம் குழிக்குள் அடித்து இறக்கினால் 3! வழக்கமான ஆட்டத்தில் முதலில் 4 புள்ளி தொட்டவர் வெற்றி. பொறுமையாகச் சுற்றுகிறவன் நான்கு முறை வெல்லவேண்டிய இடத்தில், துணிந்து அடிக்கிறவனுக்கு இரண்டே முறை போதும். விதியே உன் பக்கம் நிற்கிறது, நீ ஏன் பின்வாங்குகிறாய்?

துணிச்சல் மட்டும் போதாது. கண்ணும் வேண்டும். பிளேடை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. சில சுற்று மோதிய பிளேடில் வர்ணம் உரிந்த இடங்கள் தனியாகப் பளபளக்கும். கீறல்கள் முனையின் முகப்பில் விழுந்திருந்தால் அது நேராக அடிக்கிறது. சரிவான முதுகில் நீளநீளமாக ஓடியிருந்தால் எதிராளியின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பெட்டிமேல் 'அட்டாக்' என்று அச்சடித்திருப்பதைவிட இந்தக் கீறல் உண்மை பேசும். முனைகளை எண்ணு. டிரான் சோர்டு பிளேடுக்கு மூன்று, ஷார்க் எட்ஜுக்கு இரண்டு. முனை குறைந்தால் இடைவெளி கூடும். எதிராளி அந்த இடைவெளிக்குள் ஆழமாக வந்து மாட்டுவான், அடி பலமாக விழும். ஆனால் அடித்த விசை அதே அளவில் அடித்தவனுக்கும் திரும்பும். அதைத் தாங்க எடை வேண்டும். ஃபீனிக்ஸ் விங் அட்டாக் ஆட்டக்காரர்களிடம் பெயர் வாங்கியதற்கு அதன் கனமும் ஒரு காரணம்.

பிளேடுக்குக் கீழே வா. அங்கே பூட்டும் ராட்செட்டில் 3-60 என்று இருந்தால், முதல் எண் பக்கவாட்டுப் புடைப்புகளைச் சொல்கிறது, இரண்டாவது உயரத்தை. 60-ல் பூட்டிய பிளேடு தாழ்வாகச் சுற்றும். 80-ல் உயர்ந்து நிற்கும் எதிராளியின் ராட்செட்டையே போய் அடிக்கும். சிதறல் அங்கேதான் தொடங்குகிறது. தாக்குகிறவர்கள் 60-ஐத் தேடுவது இதனால்தான்.

அடியிலிருக்கும் பிட்தான் எனக்கு மிகவும் பிடித்த பாகம். ஃபிளாட் என்ற பிட்டின் தட்டை முனை ஸ்டேடியத்தைப் பற்றிக்கொண்டு பாய்கிறது. பாயப்பாய சுழற்சியைத் தின்றுவிடுகிறது. லோ ஃபிளாட் அதே பாய்ச்சலை இன்னும் தாழ்வாகத் தருகிறது. பிட்டின் பற்கள் ஸ்டேடியத்தின் பல் தண்டவாளத்தில் கடித்தால் பம்பரம் அம்பாகப் பறக்கும்! அந்த ஓட்டம் எதிராளியில் முடிந்தால் உனக்கு வெற்றி. தவறினால் நீயே குழியில் விழுவாய், புள்ளி எதிராளிக்குப் போகும்.

அந்தப் பயத்தால்தானே அட்டாக்கை விட்டு ஓடுகிறாய்? பயத்துக்கு மருந்து கணக்கு. ஒரு நோட்டை எடு. எதிரே நிற்க நீண்ட நேரம் சுற்றும் ஒன்றை, விசார்ட் ஆரோ 4-80பி மாதிரி, நிலையாக வை. இருபது சுற்று மோதவிடு. பத்தில் நீ முதலில் விடு, பத்தில் அது முதலில் போகட்டும். பிந்தி இறங்கும் பம்பரத்துக்குச் சுழற்சி மிச்சமிருக்கும், அந்தச் சலுகையை இரண்டு பக்கமும் பங்கிடவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் யார் வென்றார் என்பதோடு எப்படி வென்றார் என்பதையும் எழுது. குழியா, சிதறலா, சுழன்று ஓய்ந்ததா, தானே போய் விழுந்ததா? பன்னிரண்டு வெற்றி என்பது பாதிச் செய்தி. தோற்ற எட்டில் ஆறு தானாக விழுந்தவை என்றால் செய்தியே வேறு.

அப்படி விழுந்தது பாகத்தின் குற்றமா, கையின் குற்றமா? பாகத்தைத் திட்டுவதற்கு முன் கையைச் சோதி. லாஞ்சரில் மாட்டும் பேட்டில் பாஸ் கருவி இருந்தால் ஒவ்வொரு இழுப்பின் வேகத்தையும் அது காட்டிவிடும். வேகம் ஏறி இறங்கினால் உன் சோதனை அளப்பது பாகத்தை அல்ல, உன் தோள்பட்டையை. கை நிலைப்பட்ட பிறகு பிட்டை மட்டும் மாற்றி அதே இருபது. பிறகு ராட்செட்டை மட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதே. எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. சலிப்பாகத்தான் இருக்கும். செய்!

அந்த நோட்டு நிறைந்த பிறகு உன்னிடம் வந்து "இது தேறாது" என்று எவர் சொன்னாலும் உனக்கு நடுக்கம் வராது. அவர் சொல்வது சரியாக இருந்தால் எந்தப் பக்கத்தில் சரி என்று உனக்குத் தெரியும். தவறாக இருந்தால் மோதிக் காட்டத் தெரியும். வாய்ச்சவடால் அடிப்பவனின் தைரியம் முதல் தோல்வியில் உடையும். உன்னுடையது உடையாது, ஏனென்றால் தோல்விகளையும் நீயே எண்ணி எழுதியிருக்கிறாய்.

இப்போது நினைத்துப் பார்: போட்டியில் மூன்று பேபிளேடு கொண்ட தொகுப்போடு நிற்கிறாய். ஒன்றில் போட்ட பாகத்தை இன்னொன்றில் போட முடியாது. உன் மிகச் சிறந்த பிட்டை எந்தப் பம்பரத்துக்குக் கொடுப்பது என்பதை முன்பே தீர்மானித்திருக்கவேண்டும். ஆட்டம் 1-க்கு 3. எதிராளிக்கு இன்னும் ஒரே புள்ளி. அவன் சும்மா சுற்றி நின்றாலே முடிந்துவிடும். சுற்றியிருப்பவர்கள் உன் தோல்வியை முடிவு செய்துவிட்டார்கள். உனக்கு வேண்டியது 3, ஒரே அடியில் அது எக்ஸ்ட்ரீம் குழியில் மட்டுமே கிடைக்கும். அந்தக் குழிக்குள் எதிராளியை அதிக முறை இறக்கிய பம்பரம் எது, எந்தச் சாய்வில் விட்டபோது இறக்கியது என்று உன் நோட்டில் இருக்கிறது. அதை லாஞ்சரில் பூட்டு. அந்தச் சாய்வில் பிடி. முழுத் தோளோடு இழு!