மறக்கருணையும் சிறைத் தண்டமும்

குற்றஞ் செய்தாரை ஒறுத்தல் அரசின் கடன் என்பது யாவரும் உடன்பட்டதே. அவ்வொறுத்தல் எதன்பொருட்டு என்பதே ஐயத்துக்கு இடமாவது. சைவருள்ளும் ஒரு சாரார், "அவரவர் வினைப்பயனை அவரவர் நுகர்கின்றனர், சிறையில் உழல்வார்க்கு இரங்குதல் வினை நியதிக்கு மாறாம்" என்று கூறி அமைகின்றனர். இக்கூற்றுச் சித்தாந்தத்தோடு இயைவதாமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வினை சடமாதலின் தானே சென்று பயன் தரமாட்டாது. உயிரும் தன் வினையைத் தானே அறிந்து எடுத்துக்கொள்ள மாட்டாது. ஆகலின் முற்றுணர்வும், விருப்பு வெறுப்பின்மையும், வரம்பிலாற்றலும் உடைய முதல்வன் ஒருவனே வினைப்பயனை அளவறிந்து ஊட்டுதற்குரியன். தந்தை மகனை அடித்துத் திருத்துதலும், மருத்துவன் புண்ணைக் கீறி ஆற்றுதலும் போல, அவன் செய்யும் ஒறுப்பும் அருளேயாம். இதனையே நம்மாசிரியர் மறக்கருணை என்றனர். நீதிபதியோ ஒருவன் செய்த ஒரு செயலை மட்டும், அதுவும் சாட்சிகளின் வாயிலாக அறிபவர். அவர் விதிக்கும் தண்டத்தை வினைக்கூட்டோடு ஒன்றாக வைத்தெண்ணுதல், முதல்வனது ஐந்தொழிலைச் சிற்றறிவுடைய மாந்தர்மேல் ஏற்றியதாய் முடியும். அன்றியும், 'அஃது அவன் வினை' என்று கூறிக்கொண்டே ஒருவன் பிறனது துன்பத்தை மிகுவிப்பானாயின், அச்செயல் அவனுக்கு ஆகாமியமாய் ஏறும் என்பதையும் அச்சாரார் மறந்தனர்.

அற்றேல், அரசு ஒறுத்தலை ஒழிக என்பது கருத்தோ எனின், அற்றன்று. நல்லாரைக் காத்தற்குத் தீச்செயலைத் தடுத்தல் இன்றியமையாதது. ஆயின் அத்தடை, தடுக்கப்பட்டவனுடைய உயிரின் இயல்பை உணர்ந்து அமைதல் வேண்டும். அவ்வியல்பை அறிதற்குக் கேவலம், சகலம், சுத்தம் என்னும் காரண அவத்தைகள் மூன்றையும் ஈண்டு நினைவு கூர்வாம்.

கேவலத்தில் உயிர் ஆணவத்தோடு மட்டும் கூடி, கருவியொன்றுமின்றி, இருளிற் கிடக்கும் கண்போல அறிவிழந்து கிடக்கின்றது. அங்ஙனம் கிடந்து தானே திருந்திய உயிர் யாதொன்றும் இல்லை. ஆதலாலன்றோ இறைவன் இரங்கித் தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைத் தந்து அதனைச் சகலத்திற் புகுத்துகின்றான்! விடியுமளவும் விளக்கு உதவுவதுபோல, இருள் நீங்குங்காறும் அக்கருவிகள் உதவுகின்றன. உயிர் அறிவிக்க அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. இவ்விரண்டும் சிறை முறைக்கும் அளவுகோலாம்.

அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாகாணத்தில், பிலதெல்பியா நகரில், 1829 ஆம் ஆண்டில் ஒரு பெருஞ்சிறை திறக்கப்பட்டது. அதனை வகுத்தோர் கொடியவரல்லர். குவேக்கர் என்னும் கிறிஸ்தவ சமயப் பிரிவினரின் கருத்துக்களால் ஊக்கப்பெற்ற இரக்கமுடையோரே. குற்றவாளியைத் தனியறையில் இருத்தி, பிறர் முகமும் குரலும் அணுகாமற் செய்து, வேதநூலொன்றைக் கையிற் கொடுத்துவிட்டால், அவன் தன்னுள்ளே நோக்கித் தானே கழிவிரக்கங் கொள்வான் என்பது அவர் துணிபு. அறைக்கு வெளியே கொண்டு செல்லுங்கால் அவன் முகத்தையும் மூடினர். 1842 ஆம் ஆண்டில் அதனைக் கண்ட ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதினும் கொடிது இது என்னும் கருத்துப்பட எழுதினார். 1913 ஆம் ஆண்டில் அம்முறை ஆங்கே கைவிடப்பட்டது. 2015 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பேரவை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள், பதினைந்து நாளுக்கு மேல் ஒருவனைத் தொடர்ந்து தனிச்சிறையில் வைத்தலை விலக்கின.

இம்முறை பிழைத்தது யாதினால்? சகலத்தில் நின்ற உயிரைக் கேவலம்போன்றதொரு நிலைக்குத் தள்ளியதனாலேயாம். இறைவன் எத்திசை நோக்கி உயிரைச் செலுத்துகின்றானோ அதற்கு மறுதலையாகச் செலுத்தினர். யோகியரும் தனிமையை நாடவில்லையோ எனின், நாடினர். அது பக்குவமுற்றார் தாமே விரும்பி மேற்கொண்ட தனிமை. பக்குவமில்லான்மேற் பிறர் சுமத்திய தனிமை அதனோடு ஒவ்வாது.

இனி, மற்றொருவர் செய்தியைக் காண்பாம். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடலிலுள்ள நார்போக் தீவில், ஆங்கில அரசினர் நாடுகடத்தப்பட்ட குற்றவாளிகளுள் மிகக் கொடியரெனக் கருதப்பட்டோரை அடைத்துக் கசையாலும் விலங்காலும் ஆண்டுவந்தனர். 1840 ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மக்கோனக்கி என்னும் கடற்படையாளர் அதற்குத் தலைவரானார். தண்டத்தைக் காலத்தால் அளத்தல் தவறு, உழைப்பாலும் ஒழுக்கத்தாலும் அளத்தலே முறை என்பது அவர் கொள்கை. நற்செயலுக்கு மதிப்புக் குறிகள் தந்தார். தீச்செயலுக்கு அவற்றைக் குறைத்தார். அக்குறிகளைக் கொண்டு கைதி நல்லுணவு பெறலாம். அன்றி விடுதலையை நோக்கிச் சேர்த்தும் வைக்கலாம். அறுவர் அறுவராகக் குழுவமைத்து, ஒருவன் ஒழுக்கத்துக்கு மற்றையோரும் பொறுப்பேற்கச் செய்தார். தூக்குமரத்தை அகற்றினார்; நூல்களும் இசையும் தோட்டமும் தந்தார். அவ்வாண்டு மே மாதம் 25 ஆந் தேதி விக்டோரியா அரசியின் பிறந்தநாட் கொண்டாட்டத்தில் கைதிகளைத் தீவெங்கும் உலவவிட்டு, விருந்தும் நாடகமும் அளித்தார். மாலையில் ஊதுகொம்பு ஒலித்ததும் அவர்கள் குழப்பமின்றித் திரும்பினர்.

ஈண்டு நாம் நோக்கத்தக்கது, அவர் குற்றவாளிக்குத் தனு கரணங்களைத் தொழிற்படுத்தும் இடமும், தேர்ந்துகொள்ளும் உரிமையும், நற்சார்பும் கொடுத்தமையே. இச்சையும் அறிவும் செயலும் தொழிற்படாத இடத்தில் திருத்தம் என்பது பெயரளவே.

இங்ஙனம் இரங்கினால் அச்சம் ஒழியாதோ, அச்சம் ஒழிந்தால் குற்றம் பெருகாதோ எனின், நிகழ்ந்தது கூறுதும். நியூ சவுத் வேல்ஸ் தேசாதிபதி ஜார்ஜ் கிப்ஸ் முதலில் அவர் முறையைக் கடிந்தார். 1843 ஆம் ஆண்டில் நேரிற் சென்று கண்டபின் பலவற்றைப் பாராட்டினார். எனினும் 1844 ஆம் ஆண்டில் மக்கோனக்கி நீக்கப்பட்டார். பழைய கடுமை மீண்டது. 1846 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கைதிகளின் சமையற்கலங்களைப் பறித்தமை காரணமாகக் கலகம் மூண்டது. அலுவலர் நால்வர் கொல்லப்பட்டனர். கைதிகள் 12 பேர் ஒரேநாளில் தூக்கிலிடப்பட்டனர். அச்சம் குற்றத்தை ஒழித்ததாயின் அக்கலகம் நிகழ்ந்திராது.

ஆயின் ஒன்று தெளிதல் வேண்டும். மலபரிபாகம் சிறைத்தலைவரின் கையிலுள்ளதன்று. இடமும் கருவியும் சார்பும் அமைத்தலே மாந்தர் செயல். கனிவித்தல் அருளின் செயல். எனவே, திருந்தாதவன் ஒருவனைக் காட்டி முறையையே இகழ்தலும், திருந்தினவனைக் காட்டி 'யாமே திருத்தினோம்' எனச் செருக்குதலும் ஒருங்கே தவறாம்.

இன்னும் ஓருவமை நம் நூல்களிற் பயில்வது. வண்ணான் ஆடையின் அழுக்கைப் போக்க உவர்மண்ணாகிய பிறிதோர் அழுக்கைச் சேர்க்கின்றான். பின் இரண்டையும் நீரில் ஒருங்கே அலசி விடுகின்றான். ஆணவத்தை நீக்க மாயை உதவும் முறை இது. சிறையும் அத்தகைய உவரே. தண்டக்காலம் முடிந்த பின்னும் 'சிறைசென்றவன்' என்னும் பெயரை அவன்மேலே நிறுத்தி, வேலையும் வீடும் மறுப்போர், உவரை அலசாது ஆடையை மடித்து வைப்போரை ஒப்பர். உவர் நின்ற ஆடை இற்றுப்போம்.

நம் நாட்டின் நிலை யாது? 2022 ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஐந்து இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவருள் நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். குற்றம் துணியப்படுமுன்னரே உவரில் ஊறுகின்றவர் இவர். சிறைக்குள்ளும் சாதி பற்றிச் சமையலையும் துப்புரவையும் பகுத்த விதிகளை 2024 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேதான் உச்ச நீதிமன்றம் செல்லாவென்று தீர்த்தது.

திருமடங்களுக்கு நந்தவனமும் பசுக்கொட்டிலும் அன்னசாலையும் நூல்நிலையமும் உள்ளன. விடுதலைபெற்று வந்து வேலை வேண்டி நிற்பானொருவனுக்கு அவற்றுள் ஓரிடம் அளித்தல் பெரும்பொருட் செலவன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்று நாடோறும் பாடஞ்சொல்லும் நாம், நற்சார்பைத் தேடி வாயிலில் நிற்பானைத் திருப்பியனுப்பினால், அவன் அடையும் சார்பு யாதென்பதை நாமே அறிவோம். அரசு விதித்த தண்டம் முடிந்தவனுக்கு இரண்டாவது தண்டத்தை விதிக்கும் அதிகாரம் நமக்கு எந்நூலும் தந்ததில்லை.

திருச்சிற்றம்பலம்.