நான்காவது படி

எங்கள் ஊர் காஹாங்கில் இப்போது பால்மரம் அதிகமில்லை. கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. சாயங்காலம் லோரிகள் குலை ஏற்றிக்கொண்டு போகும். அந்தச் சாலையில்தான் அப்பாவை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

*

டாக்டர் சின்ன வயசுக்காரர். மலாயில் பேசினார், அப்பாவைப் பார்த்தல்ல, பதினேழு வயது என் மகளைப் பார்த்து. 'பாராஹ்' என்றார். 'தாஹாப் அம்பாட்' என்றார். புற்று, நான்காம் கட்டம்.

அவள் திரும்பி, "வயித்துல புண்ணாம் தாத்தா, மருந்து குடுப்பாங்களாம்" என்றாள்.

அப்பா தலையாட்டினார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

*

நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர் அப்பா. கிராணியோடு சம்பளத் தகராறும், சீனன் கடையில் பற்றுக் கணக்கும் அவருக்கு மலாயில்தான். யோசித்துப் பார்த்தால், அன்று அந்த அறையில் மலாய் தெரியாதவர் யாருமே இல்லை.

*

கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று புற்றுநோய் மருத்துவர் ராபர்ட் பக்மனும் வேறு சிலரும் 2000இல் ஆறு படிகள் வகுத்தார்கள். முதலில் தனியிடம் பார்த்து உட்கார வேண்டும். பிறகு, தன் நோயைப்பற்றி நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். அடுத்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். சொல்வது நான்காவது படி. மனம் கலங்கினால் கூட இருப்பது ஐந்தாவது. இனி என்ன செய்யலாம் என்று சேர்ந்து பேசுவது ஆறாவது.

எங்கள் டாக்டர் நேரே நான்கில் ஏறினார். நாங்கள் அந்தப் படியையும் உருவிவிட்டோம்.

*

அன்றிரவு வார்டில், ஊசி போட வந்த தாதியிடம் அப்பா கேட்டார்: "மிஸ்ஸி, போலே பாலிக்?" வீட்டுக்குப் போகலாமா?

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பகலெல்லாம் கேட்க ஆளில்லை.

*

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது சொன்னார்:

"அந்தப் புள்ளைய ஏசாதடா. அவ்ளோ பெரிய சொல்ல அது தலையில தூக்கி வச்சிட்டீங்க."

கரண்டி என் கையிலேயே நின்றது.

*

டாக்டர்களே, மொழி தெரியாவிட்டால் தாதியையோ, பெரியவர் ஒருவரையோ கூப்பிடுங்கள், பேரப்பிள்ளைகளை விட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால், கட்டிலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளே, இது நமக்கும்தான்.