பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் அச்சமும்

மணவுறவு முறிந்தபின் பிள்ளை ஒருவரிடம் வளர, மற்றவர் குறித்த நாளில் வந்து கண்டு செல்லுமாறு நீதிமன்றம் ஆணையிடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் பௌத்தருக்கும் பொருந்துவதாதலின், நம் குடும்பங்களும் இதற்குப் புறம்பல்ல. கண்டு செல்பவர் முன்பு கைநீட்டியவராகவோ, பிள்ளைக்குத் தீங்கு செய்வாரென்று ஐயுறத்தக்கவராகவோ இருப்பின், வளர்ப்பவர் பிள்ளையிடம் என்ன சொல்லி அனுப்புவது? வளர்ப்பவர் தாய் என்றே வைத்துப் பேசுவோம். தந்தையாயினும் நியாயம் ஒன்றே.

'அப்பா நல்லவர், பயப்படாதே என்று தேற்றி அனுப்புவதே பண்பு' என்பர் ஒரு சாரார். 'நடந்ததையெல்லாம் சொல்லி எச்சரித்துவிடு' என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பிழை என்பதே எம் கருத்து. முதலாவது கேட்க இனிது. ஆனால் அஞ்சும் பிள்ளையிடம் அஞ்ச ஏதுமில்லை என்பது, தன் கண்ணையும் செவியையும் அது நம்பாதபடி பழக்குவதன்றோ? அவ்வாறு பழகிய பிள்ளை, மெய்யாகவே தீங்கு நேரும்போதும் வாய் திறவாது. இரண்டாவது, தாயின் புண்ணைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது. பிள்ளை ஒருவரையே அஞ்சவும் நேசிக்கவும் கூடும் என்பதைப் பெரியோர் மறந்துவிடுகின்றனர். மெய்யும் பயனும் உள்ள சொல்லையும் காலமறிந்தே சொல்வதாக அபய ராஜகுமாரனிடம் பகவன் உரைத்தது இங்கு நினைக்கத்தக்கது.

'அப்பாவைப் பார்க்க ஆசையிருந்தால் தவறில்லை. பயமிருந்தால் அதுவும் தவறில்லை. எதுவானாலும் என்னிடம் சொல், நான் கோபிக்கமாட்டேன். யாராவது ரகசியம் வைக்கச் சொன்னாலும் என்னிடம் சொல்லலாம்.' இவ்வளவே போதும். இதில் பொய்யுமில்லை, பழியுமில்லை.

திரும்பி வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வினவுவது நம் வீடுகளில் மிகுதி. பாட்டி முதல் அண்டை வீட்டார் வரை ஆளுக்கொரு கேள்வி! எந்த விடை தாயின் முகத்தை மலர்விக்கும் என்பதைப் பிள்ளை விரைவில் கற்றுக்கொள்ளும். பின்னர் அது உண்மையே உரைத்தாலும், சொல்லிக்கொடுத்த சொல் என்று நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். ஆகவே சோறிட்டு, விளையாட விடுக. தானே சொன்னால் முழுதும் கேட்டு, அதன் சொற்களிலேயே நாளிட்டு எழுதிவைக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்டல் ஆகாது.

தாய் தன் ஐயத்தையும் ஆராய வேண்டும். படுக்கையை நனைத்தல், உணவை வெறுத்தல் ஆகியவை தீங்கின் அடையாளமாகலாம். பிரிவுத் துயராலும் வரலாம். தெளிவில்லாத நிலையில், காய்ச்சலென்று பொய் கூறிப் பிள்ளையை ஒளிப்பவள் தன் வழக்கையே கெடுத்துக்கொள்கிறாள். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், விவரமறிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருதலாம் என்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவோ, சந்திப்பு பிள்ளையின் நலனுக்குக் கேடாகலாம் என்று நீதித்துறை நடுவர் கருதினால் அதனை மறுத்தே ஆகவேண்டும் என்கிறது. பாலியல் தீங்கெனில், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அறிந்தவர் காவல்துறைக்கு உரைத்தே தீரவேண்டும். குடும்ப மானம் கருதி மறைப்பதும் குற்றமே. 1098 என்னும் எண்ணையும் அழைக்கலாம்.

ஐயம் மட்டுமே உள்ளவிடத்து, சந்திப்பை நீதிமன்ற வளாகத்திலோ, பிள்ளை நம்பும் ஒருவர் முன்னிலையிலோ நடத்தும்படி மனுச் செய்யலாம். அந்த ஒருவர் யாரென்று பிள்ளையையே முதலில் கேட்க வேண்டும்.