உளுத்த உத்திரம்

ஈப்போ வட்டாரத்திலும் அதனைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் பலகை வீடுகள் சில இன்னும் எஞ்சி நிற்கின்றன. தூண்களின்மேல் உத்திரங்களை இட்டு, அவற்றின்மேல் பலகை பாவிய வீடுகள் அவை. ஒருநாள் காலடியில் தரை சற்றே அமிழ்கிறது. தச்சர் அடியில் புகுந்து உளிமுனையால் உத்திரத்தைக் குத்திப் பார்க்கிறார். உறுதியான மரம் முனையை எதிர்க்கும். உளுத்த மரமோ நனைந்த தக்கைபோல் இடங்கொடுக்கும். மேலே பலகை மட்டும் மெருகு குன்றாமல் மின்னிக் கொண்டிருக்கும்.

உத்திரம் பெரும்பாலும் சுவரிலோ தூணிலோ பொருந்தும் முனையில்தான் முதலில் உளுக்கும். ஈரம் தங்குவதும் காற்றுப் புகாததும் அங்கேதான். மரத்தின் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குமேல் நீர் நெடுநாள் தங்கினால் பூஞ்சணம் பற்றும். ஆதலின், ஒழுகும் கூரையை விட்டுவிட்டு உத்திரத்தை மட்டும் மாற்றுவோர் புதிய மரத்தையும் அதற்கே இரையாக்குகின்றனர்.

வீட்டை விற்க எண்ணுபவர் புதுப்பலகை ஒன்றை மேலே அறைந்து மூடிவிடலாம். அப்பொய்யை எவரும் காணார். ஆனால் நாளை அத்தரையில் ஓடப்போவது முன்பின் அறியாத ஒரு குழந்தை. இதில் வாதத்திற்கு இடமே இல்லை. நேர்மையாகப் பழுதுபார்க்க முனைவோருக்குத்தான் கடினமான வினா எழுகிறது: எவ்வளவை நீக்குவது? இன்று ஒன்று, மறு ஆண்டு மற்றொன்று என எல்லா உத்திரங்களும் மாறிவிட்டால், அது தந்தை கட்டிய வீடுதானா?

ஏதென்சு மக்கள் தீசியசின் மரக்கலத்தில் பழுதுற்ற பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக் காத்தனர் என்றும், அது பழைய கலந்தானா என்று அறிஞர் பிணங்கினர் என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். சப்பானியரோ இத்தகைய ஐயத்தால் தயங்குவதில்லை. இசே திருக்கோயிலை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுத்த மனையில் புதிதாகவே எழுப்புகின்றனர். 2013இல் நடந்தது 62ஆவது முறை. அங்கே மரம் நிலைப்பதில்லை. தச்சரின் கைத்திறன் தலைமுறை தாண்டி நிலைக்கிறது. பேராக்கிலேயே, கோலகங்சாரில் 1926இல் எழுந்த கெனாங்கான் அரண்மனை இரும்பாணி இன்றிக் கட்டப்பட்டது. மரத்தில் மரம் பொருந்தும் அவ்வகை வேலையில், அருகிலுள்ளதைப் பிளக்காமலே ஓர் உறுப்பைக் கழற்றி எடுக்க வழியுண்டு. பின்னொருநாள் பழுதாகும் என்பதை ஒப்புக்கொண்டே கட்டும் அறிவு அது.

பேராக்கில் தோட்டங்கள் கைமாறிய பின்னர் வேறிடம் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகளையும் இங்கு நினைக்கலாம். அவற்றுட் சில தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்குகின்றன. பால்மரமும் இல்லை, பழைய பலகைக் கட்டடமும் இல்லை. ஆயினும் உள்ளே பிள்ளைகள் தமிழ் படிக்கும்வரை அப்பெயர் பொய்யாகாது. படிப்புத் தளர்ந்து பெயர்ப்பலகை மட்டும் பளபளத்தால், அது உளுத்த உத்திரத்தின்மேல் அறைந்த புதுப்பலகையே.

தச்சர் இவ்வாதங்களுக்குக் காத்திருப்பதில்லை. உளுத்த முனையிலிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டே நகர்கிறார். மந்தமான ஒலி மாறிக் கணீரென்று கேட்கும் இடம் வருகிறது. அதற்கும் ஒரு சாண் அப்பால், நல்ல மரத்திலேயே, பென்சிலால் கோடு கிழிக்கிறார்.