வரம்புக்குக் கீழே ஒரு குழந்தை

இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியில் பள்ளியை மூடினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள். அந்த ஆறு வாரமும் வேலைக்குப் போகிற பெற்றோர் நம்பியிருப்பது ஹாலிடே கிளப்புகளை. பல கிளப்புகள் பள்ளிக்கூட ஹாலிலேயே நடக்கின்றன. காலையில் விட்டுவிட்டு வேலை முடிந்ததும் கூட்டி வரலாம். ஓவியம், கால்பந்து, பிஸ்கட் சுடுவது என்று பிள்ளைகளுக்குப் பொழுது போய்விடும். ஆனால் சேர்க்கப் போனால் முதலில் கேட்பது பிறந்த தேதியை. சில இடங்களில் ரிசப்ஷன் என்கிற தொடக்க வகுப்பை முடித்திருக்க வேண்டும், சில இடங்களில் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் இடமில்லை.

எங்கள் தெருவில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். "பெரியவனுக்கு இடம் கெடைச்சிருச்சுக்கா. சின்னவளத்தான் எடுக்க மாட்டேங்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலுக்குத்தானே போறாங்க, இப்ப மட்டும் அவ சின்னப் பிள்ளையாயிட்டாளா?" என்று கேட்டாள். சின்னவளுக்கு மூன்றே முக்கால் வயது. அந்தப் பள்ளியின் நர்சரியில்தான் இருக்கிறாள்.

அவள் கோபம் நியாயமானது. ஆனாலும் விதியைத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மூன்று வயதுப் பிள்ளை சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் இருந்து பார்த்தால் காரணம் தெரியும். டிபன் டப்பாவின் கிளிப்பை விரல் அழுத்தும், மூடி திறக்காது. திறந்து கொடுக்க ஒருவர் வேண்டும். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுக்காவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். பாத்ரூம் வருகிறது என்று சொல்லும்போது பாதி வந்துவிட்டிருக்கும். மாற்றுத் துணி எந்தப் பையில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அந்த நிமிடமே எழுந்து போயாக வேண்டும். மத்தியானம் தூக்கம் சொக்கும்போது, பத்து வயதுப் பையன்கள் பந்து உதைக்கிற ஹாலில் அவளை எங்கே படுக்க வைப்பது?

இதை நன்றாகத் தெரிந்துதான் சட்டமும் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்து விதிப்படி மூன்று வயதான பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு ஒரு பணியாளர் வேண்டும். ஆசிரியர் தகுதி உள்ளவர் கூடவே இருந்தால் பதின்மூன்று பேருக்கு ஒருவர். இரண்டு வயது என்றால் ஐந்து பேருக்கு ஒருவர்; 2023 வரை அது நான்கு பேருக்கு ஒருவராக இருந்தது. ஆனால் ரிசப்ஷன் வகுப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளை மட்டும் வைத்து நடத்தும் ஹாலிடே கிளப்பில், முப்பது பேர் கொண்ட ஒரு வகுப்புக்குத் தேவையான ஆட்கள் இருந்தால் போதும். நல்ல கிளப்புகள் அதைவிடக் கூடுதலாகவே ஆள் வைக்கின்றன. ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தால் ஆட்கள், கழிப்பறை, தூங்க இடம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அதைக் கட்டணத்தில் ஏற்றினால் பெற்றோருக்குக் கட்டாது. அதனால் கதவை ஐந்து வயதில் வைத்துவிடுகிறார்கள்.

ஆகஸ்ட் 31-ஆம் தேதி இரவு ஒரு பிள்ளையும், விடிந்தால் செப்டம்பர் 1-ஆம் தேதி இன்னொரு பிள்ளையும் ஒரே ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில்களில் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளை நான்கு வயது ஆன மறுநாளே ரிசப்ஷனுக்குத் தகுதி பெறும். இரண்டாவது பிள்ளை இன்னும் ஓராண்டு காத்திருக்கும். முதல் பிள்ளை ரிசப்ஷனை முடிக்கும் கோடை விடுமுறையில் இரண்டும் நான்கு வயதுப் பிள்ளைகள்தாம். ரிசப்ஷன் முடித்தால் போதும் என்கிற கிளப்பில் ஒன்றுக்கு இடம் உண்டு, மற்றதற்கு இல்லை. ஒரே ராத்திரியில் எந்தக் குழந்தைக்கும் டப்பா திறக்கும் திறமை வந்துவிடாது. அந்தக் கோட்டைக் குழந்தையின் பக்குவத்தைப் பார்த்துப் போட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில், ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் எத்தனை பெரியவர்களை உட்கார வைக்க நமக்கு மனம் இருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. கூட ஒருவர் தேவைப்படுவது குழந்தையிடம் உள்ள குறை அல்ல. நாம் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். அந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க யாரும் முன்வராதபோது, 'வயது போதாது' என்று பிள்ளையின் தலையில் எழுதிவிடுகிறோம்.

பிள்ளையின் பெயரில் எழுதியதைத் தாய்தான் தீர்க்கிறாள். பள்ளி விடுமுறை ஆண்டுக்குச் சுமார் பதின்மூன்று வாரம். சட்டப்படி ஓர் ஊழியருக்குச் சம்பளத்தோடு உள்ள விடுப்பு 5.6 வாரம். கணவனும் மனைவியும் ஒருநாள்கூடச் சேர்ந்திருக்காமல் மாறிமாறி எடுத்தாலும் பதின்மூன்று வாரம் நிரம்பாது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவச நேரமும் ஆண்டுக்கு 38 வாரக் கணக்குதான். பள்ளி நர்சரி என்றால் பள்ளியோடு அதுவும் மூடிக்கொள்ளும். இங்குள்ள தமிழ் வீடுகளில் பலர் ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்கிறார்கள். பார்வையாளர் விசாவில் ஆறு மாதம் தங்கலாம். முழங்கால் வலியோடு அந்த அம்மாக்கள் மாடிப்படி ஏறி இறங்கிப் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி வரச் சொல்ல அம்மா இல்லாதவள் நைட் டியூட்டி கேட்டு வாங்கிக்கொண்டு, பகலில் தூங்காமல் பிள்ளையைப் பார்க்கிறாள். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்பவளும் வேலையையே விடுபவளும் உண்டு.

இத்தனைக்கும் மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகவே கட்டிய அறை நர்ஸின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே இருக்கிறது. முழங்கால் உயரத்தில் வாஷ்பேசின், சின்ன நாற்காலிகள், பக்கத்திலேயே சின்னக் கழிப்பறை. கிளப் நடக்கும் ஹாலிலிருந்து ஒரு நடை தூரம். ஆறு வாரமும் அது பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து, எட்டுப் பேருக்கு ஒருவர் என்று ஆள் போட்டால் நர்ஸின் மகளும் அண்ணனோடு வருவாள். அந்தச் சம்பளத்தைப் பெற்றோரின் கட்டணத்திலிருந்து எடுக்க முடியாது. உள்ளாட்சியும் அரசும்தான் தர வேண்டும். அப்படிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. வேலைக்குப் போகும் பெற்றோருக்குப் போதுமான குழந்தைப் பராமரிப்பு கிடைக்க, நடைமுறைக்கு இயன்ற அளவு ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை என்று 2006-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. பதினான்கு வயது தாண்டி வரும் செப்டம்பர் வரை, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை என்று மேல்வரம்பு அதில் உண்டு. கீழ்வரம்பு எதுவும் இல்லை.