சாட்சியற்ற உறக்கம்

உறங்கி எழுந்தவன், "சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியேன்" என்று சொல்லும்போது, ஒன்றும் அறியாதிருந்த அந்த நிலையை அறிந்திருந்தது யார் என்று வேதாந்திகள் கேட்டார்கள். அறியாமைக்கும் ஒரு சாட்சி உள்ளே விழித்திருந்தது என்பதே அவர்கள் கண்ட விடை. மெய்கண்டாரும் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உறக்கத்தில் உடல் கிடந்தும் உண்டலும் வினையும் நிகழாமையை, உடலுக்கு வேறாய் ஓர் உயிர் உண்டு என்பதற்கான காரணங்களுள் ஒன்றாக வைத்தார்.

இந்த விசாரமெல்லாம் இயற்கையான உறக்கத்தைப் பற்றியது. 1846 அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைச் சுவாசிக்கக் கொடுக்க, வாரன் என்ற சஸ்திர வைத்தியர் அவனுடைய கழுத்துக் கட்டியை அறுத்த நாள் முதலாக, வேறொரு வகை உறக்கம் உலகெங்கும் நடமாடத் தொடங்கியது. சுஷுப்தி என்னும் இயற்கையான ஆழ்ந்த உறக்கத்திலிருப்பவனை ஓர் ஊசிமுனை எழுப்பிவிடும். இதிலோ கத்தியும் எழுப்புவதில்லை. இதிலிருந்து மீள்பவன் பெரும்பாலும் "சுகமாக உறங்கினேன்" என்று சொல்வதுமில்லை, "இன்னும் ஆரம்பிக்கவில்லையா?" என்றே கேட்கிறான். குடலிறக்கத்துக்குச் சிகிச்சை செய்துகொண்டபோது நானும் அப்படித்தான் கேட்டேன்.

அந்த வேளையில் உள்ளே ஒரு சாட்சி இருந்ததா என்பதைத் தத்துவ ஞானிகள் தீர்மானிக்கட்டும். வெளியே ஒரு சாட்சி இருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் மூச்சை எண்ணியும், நாடியைக் கவனித்தும், என் உடலை நான் கைவிட்ட நேரத்தில் தாம் கைவிடாமலும் இருந்த அந்த மயக்க மருத்துவர், முன்னால் என்னோடு பேசி அபயம் அளித்தவராகவும், பின்னால் நான் கண் விழிக்கையில் எதிரே நிற்பவராகவும் இருக்க வேண்டுமா? ஒருவர் கொடுத்த அபயத்தை, மூட்டையைக் கைமாற்றுவது போல, இன்னொருவர் கையில் மாற்றிவிட முடியுமா?

அதே பாஸ்டன் மருத்துவமனையில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதற்கு மிக அண்மையான ஒரு கேள்வியை ஆராய்ந்தார்கள். முதல் நாளே மருத்துவர் வந்து பேசிவிட்டுப் போன நோயாளிகள் தூக்கக் கலக்கமில்லாமலே அமைதியாக இருந்தார்கள் என்றும், தூக்க மருந்து மட்டும் பெற்றவர்கள் கலக்கத்தில் இருந்தார்களே தவிர அமைதி பெறவில்லை என்றும் 1963-இல் எழுதினார்கள். மறு ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், வயிற்றில் சிகிச்சை பெற்ற 97 பேரில் ஒரு பகுதியினருக்கு, வலி எங்கே வரும், எவ்வளவு நாள் நீடிக்கும், தசைகளைத் தளர்த்தி அதை எப்படித் தணிப்பது என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி, சிகிச்சைக்குப் பின்னும் மயக்க மருத்துவர் நாள்தோறும் போய்ப் பார்த்தார். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறையப் பாதியே தேவைப்பட்டது. யார் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதை அறியாத சஸ்திர வைத்தியர்கள், சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசுவாசம் மனத்தோடு நின்றுவிடாமல் தசையிலும் ரணத்திலும் இறங்கி வேலை செய்கிறது என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான பிரமாணம் ஒன்றை நான் அறியேன்.

களைத்த கண்கள் காவலுக்கு ஆகா என்பதையும், இரவெல்லாம் விழித்தவர் பொறுப்பை மற்றொருவரிடம் ஒப்படைத்துத்தான் தீர வேண்டும் என்பதையும் நான் மறுக்கவில்லை. எனக்கு வைத்தியம் நடந்த இடத்தில், முந்தின மாலை கட்டிலருகே உட்கார்ந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னவர் ஒருவர். மறுநாள் முகத்தை மூடிக்கொண்டு மருந்து செலுத்தியவர் இன்னொருவர். கண் விழித்தபோது என் பெயரைச் சொல்லி அழைத்தவர் மூன்றாமவர். மூவரும் தத்தம் கடமையில் குறை வைக்கவில்லை. காயமும் செவ்வனே ஆறியது. மாலையில் வந்தவர் காலையில் ஒரு நிமிஷம் வந்து, "இனி இவர் உங்களைப் பார்த்துக்கொள்வார்" என்று அந்த மற்றவரைக் காட்டிவிட்டுப் போயிருந்தால் எனக்கு அது போதுமாயிருந்திருக்கும். அப்படி யாரும் சொல்லாததனாலேயே, விழித்தெழுந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகும், அந்த அறைக்குள் வருகிற ஒவ்வொருவரிடத்திலும் முந்தின மாலை பார்த்த முகத்தையே வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.