கூடையைப் பிடிங்கண்ணா

பெரியபுராணத்தில் எனக்குப் பிடித்த ஆள் விறன்மிண்டர். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருக்கிறார்கள். சுந்தரர் மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, ஒதுங்கி, நேரே சாமியிடம் போகிறார். விறன்மிண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கூட்டத்துக்கு அவனும் வெளியாள், அவனை ஆட்கொண்ட சிவனும் வெளியாள் என்று வெட்டிவிட்டார். எங்கள் தொழிற்சங்கத்தில்கூட இவ்வளவு துணிச்சலான தீர்மானம் போட்டதில்லை. அதன் பிறகுதான் சுந்தரர் அடியார்களை வரிசையாகச் சொல்லித் திருத்தொண்டத்தொகை பாடினார் என்பது கதை.

சைவம் இந்த விஷயத்தில் பிடிவாதம்தான். முத்தி பெற்றவனும் அடியாரோடு கூடியிருக்க வேண்டும், அவர்கள் வேடத்தையும் கோயிலையும் சிவனென்றே தொழ வேண்டும் என்கிறது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம். ஞானிக்கே கூட்டம் வேண்டியிருக்கிறது. சரி, நம்பிக்கையே இல்லாதவனுக்கு? அவனைக் கும்பிட வைப்பது எது?

நான் அப்படி இருந்தவன். எண்ணூரில் ஃபவுண்டரி வேலை, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வீடு. வடிவுடையம்மன் கோயில் வாசலைச் சைக்கிளில் கடந்து போனதுதான் என் பக்தி.

எங்கள் பக்கத்தில் பௌர்ணமிக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூன்று பேரையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இது லேசான காரியமில்லை. தெருப் பெண்கள் காசு போட்டு வேன் பிடிப்பார்கள். ஒரு தடவை என் மனைவிக்குக் காய்ச்சல். கட்டின காசு வீணாகக் கூடாதென்று என்னை ஏற்றிவிட்டாள்.

வேனை நடத்துகிறவர் பூ விற்கும் ஒரு அக்கா. இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினவன் வருகிறானே என்று ஒரு பார்வைகூட இல்லை. நான் ஏறியதும், "இந்தக் கூடையைப் பிடிங்கண்ணா, தேங்காய் உருண்டுடும்" என்று மடியில் வைத்துவிட்டார். அவ்வளவுதான் வரவேற்பு. மேலூரில் வேனிலேயே உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் பதினைந்து பேருடைய அர்ச்சனைத் தேங்காய் என் கையில். வரிசையில் நின்றேன். சன்னதி வரை போனேன். தீபாராதனையில் எல்லோரும் கை கூப்ப, கூடை இருந்ததால் என்னால் கூப்ப முடியவில்லை. கூப்ப முடியவில்லையே என்று இருந்தது பாருங்கள், அங்கேதான் என் கதை தொடங்கியது.

விருந்தாளிக்குக் காபி கொடுக்கலாம், நன்றி சொல்லலாம், அவன் போய்விடுவான். வேலை கொடுத்தால்தான் ஆள் தங்குவான். எங்கள் ஊர்க்காரரான கலிய நாயனாரைப் பாருங்கள். சக்கரப்பாடித் தெரு எண்ணெய் வணிகர். விளக்கேற்றுவது ஒன்றே அவருடைய வழிபாடு. சொத்து கரைந்த பிறகு, செக்கில் கூலிக்கு உழைத்து அந்த எண்ணெயைக் கொண்டுவந்தார். ராயபுரத்தில் ராயப்பர் என்கிற புனித பேதுருவின் கோயிலும் அப்படித்தான். துறைமுகம் வருவதற்கு முன் அலையில் மசூலாப் படகு ஓட்டியவர்களின் சம்பாத்தியத்தில் எழுந்த கோயில் அது. இன்றைக்கும் அந்தச் சமூகத்தார் அதை எங்கள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். நண்பன் ஒருவன் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனான். புதிதாக வந்தவர்கள் எழுந்து நிற்கச் சொல்லி மைக்கில் அழைப்பு, கைதட்டல், போன் நம்பர். அன்போடு செய்ததுதான். அவன் அடுத்த வாரம் போகவில்லை. எத்தனை கைதட்டினாலும் வந்தவன் வந்தவனாகவே நிற்கிறான். கோயில்களிலும் இதே குறைதான், வேறு வடிவத்தில். சிறப்பு தரிசனக் கயிறு கட்டி ஆளைப் பிரித்தால் எந்தக் கூடையை யார் கையில் கொடுப்பது?

திருத்தொண்டத்தொகையில் தனி அடியார்களைச் சொன்ன சுந்தரர், கூட்டமாகவும் ஒன்பது வகையினரைச் சொல்கிறார். அதில் ஒரு வகை அப்பாலும் அடிச்சார்ந்தார். மூவேந்தர் தமிழ் நாட்டுக்கு அப்பால் இருப்பவர்கள், இந்த அடியார்களின் காலத்துக்கு முன்னும் பின்னும் வருபவர்கள் எல்லாம் இதில் அடக்கம் என்று சேக்கிழார் விரிக்கிறார். பட்டியல் போடுகிறவன் கடைசியில் கதவைச் சாத்துவான். சுந்தரர் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன வருஷம் மணலியில் வேலை பார்க்கும் ஒரு ஒடியாப் பையன் எங்கள் வேன் பக்கம் வந்து நின்றான். தமிழ் வராது. வேனில் முணுமுணுப்பு இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. காசு யார் கட்டுவது, யார் பிள்ளையோ என்று ஒரு பாட்டி கேட்கவும் செய்தார். அக்கா பதில் சொல்லாமல் தண்ணீர்க் கேனைக் காட்டினார். பையன் தூக்கி ஏற்றினான். கொடியிடையம்மன் கோயிலில் தன் பாஷையில் ஏதோ சத்தமாகச் சொல்லிக் கும்பிட்டான். அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு பேரோடு வந்தான். அந்தப் பாட்டிதான் இப்போது அவர்களுக்குப் புளிசாதம் தனியாக எடுத்து வைக்கிறார். வேன் போதவில்லை. பெரிய வண்டிக்கு வாடகை எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.